மூன்று அண்டாத் தண்ணீர்

போன மாதம் பெரம்பலூரில் மகளிர் குழுக்காரர்கள் ஒரு கூட்டம் போட்டு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மூன்று ஊரில் மூன்று சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள் என்பதால் மேடையில் நாற்காலி போட்டு, 'தொழிலதிபர்' என்று வேறு சொல்லிவிட்டார்கள். தொழிலதிபர் அன்று காலையில் ஒரு மூட்டை வெங்காயம் உரித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள். எப்படி இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டார்கள். உழைப்பு, சுத்தம், அளவு என்று அரைமணி நேரம் விளாசித் தள்ளினேன். நன்றாகவே கை தட்டினார்கள்.

கடைசி வரிசையில் என் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. அவளும் கை தட்டினாள், ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு தட்டினாள். நான் எதை விழுங்கிவிட்டுப் பேசுகிறேன் என்று அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மேடையில் விழுங்கியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

திருமானூரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் முதல் கடை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்தது. அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை. என் வீட்டுக்காரர் ஊரிலேயே இருந்து காய்கறி, அரிசி, கேஸ் எல்லாம் கொண்டுவந்து போடுவார். அவளுக்குக் கை, எனக்கு வாய். அவள் அடுப்படியில் நிற்பாள், நான் வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைத்து, இலை போட்டு, போகிறவர்களை "நாளைக்கும் வாங்க" என்று அனுப்புவேன். வருகிறவர்கள் என்னைத்தான் முதலாளி என்பார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை.

எங்கள் கடை சாம்பாருக்கு ஒரு பெயர் இருந்தது. கரும்பு ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டர்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து சாப்பிடுவார்கள். இரண்டாம் சோற்றுக்கும் ரசம் வேண்டாம், சாம்பாரே ஊத்துங்க என்பார்கள். பருப்பு அப்படி மலர்ந்து, மசித்ததா மசிக்காததா என்று தெரியாத பதத்தில் இருக்கும். அது அவள் கைப்பக்குவம் என்று வெளியில் சொல்வேன். உள்ளுக்குள், நான் வாங்கிப் போடுகிற பருப்பு அப்படி என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில் என் மகள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். அமெரிக்காவில் ஒருத்தர் சாலையோரத்தில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்து, அது ஊர் ஊராகக் கிளை விட்டு, நாட்டுக்கு நாடு போன கதை. அவர் செய்த வித்தை ஒன்றே ஒன்றுதானாம். எல்லாவற்றையும் அளந்து எழுதிவைத்துவிட்டார். இந்த ஊரில் தின்றாலும் அந்த ஊரில் தின்றாலும் ஒரே ருசி. சமைக்கிறவன் யாராக இருந்தாலும் கவலை இல்லை, எழுதிவைத்ததைப் பார்த்துச் செய்தால் போதும். எனக்கு அப்படியே புல்லரித்துவிட்டது. அந்தப் படத்தை நான்கு தடவை பார்த்தேன். ஐந்தாம் தடவை கேட்டபோது, "அம்மா, என் போன குடு, எனக்குப் பரீச்சை இருக்கு" என்று பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாளே ஒரு நோட்டும் பேனாவுமாக அடுப்படியில் போய் நின்றேன். ஓரகத்தி பருப்பைக் கையால் அள்ளிப் போடுவாள். நான் நிறுத்தச் சொல்லி, படியில் அளந்து எழுதினேன். தண்ணீர் எத்தனை செம்பு, எத்தனை விசில், புளி எப்போது, உப்பு எப்போது என்று எல்லாம் எழுதினேன். "இதெல்லாம் எதுக்குக்கா? பாத்தாத் தெரியாதா?" என்றாள். "ஒனக்குத் தெரியும், ஊருக்குத் தெரிய வேணாமா?" என்றேன். மகளை வைத்து அழகாக எழுதவைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சுவரில் ஒட்டினோம். அதற்கு எங்கள் வீட்டில் 'பேப்பர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பேப்பர் இருக்கிற தைரியத்தில்தான் இரண்டாவது கடை போட்டோம். அரியலூரைத் தாண்டி, ரெட்டிபாளையம் பக்கம், சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிற சாலையில். லாரி டிரைவர்கள், ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளர்கள் என்று மதியத்தில் நல்ல கூட்டம் வரும் இடம். ஓரகத்தி அங்கே போய்க் கடையைப் பார்ப்பது, திருமானூரில் பேப்பரைப் பார்த்துச் சமைக்க வேறு ஆளைப் போட்டு நான் மேய்ப்பது என்று ஏற்பாடு. திருமானூரில் வேறு ஆள் பேப்பரைப் பார்த்துச் சமைத்தும் சாம்பார் அதே சாம்பாராகவே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காக்காரருக்கு அடுத்து நான்தான் என்ற நினைப்பில் திரிந்தேன்.

ரெட்டிபாளையத்தில் முதல் வாரமே சிக்கல். பருப்பு வேகவில்லை. ஓரகத்தி போன் செய்தாள்.

"அக்கா, பருப்பு அப்படியே முழிச்சிக்கிட்டு நிக்கிதுக்கா. கீழ பருப்பு, மேல தண்ணின்னு ரெண்டா நிக்கிது. இங்க போர் தண்ணி ஒரு மாதிரி கடுக்குதுக்கா."

"தண்ணி கடுக்குதா? பேப்பர்ல என்ன போட்டிருக்கோ அதைச் செய்டி."

"பேப்பர்ல போட்டபடிதான்க்கா செஞ்சேன்."

"சரியாச் செஞ்சா ஏன் வேகல? இங்க வேகுதே!"

அவள் போனை வைத்துவிட்டாள். எனக்கு அவள் மேல் ஒரு சந்தேகம் முளைத்தது. புது இடம், தனியாள், மேற்பார்க்க ஆள் இல்லை, அலட்சியமாகிவிட்டாளோ என்று. இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னை விட்டுத் தள்ளிப் போனதும் தன் இஷ்டத்துக்குச் செய்து பார்க்கிறாளோ என்று ஒரு எரிச்சல். இரண்டு மூன்று பேர் என்னிடமே வந்து, "அங்க சாம்பாரு சரியில்லீங்களே, அதே கடைதானா?" என்று கேட்டபோது அந்த எரிச்சல் கொதிக்க ஆரம்பித்தது.

சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் மதியம் அங்கே போய் இறங்கினேன். கடை நிறையக் கூட்டம். சமையலறைக்குள் நுழைந்தால், மூலையில் மூன்று பெரிய அண்டாக்கள். மூன்றிலும் தண்ணீர். தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு. அவ்வளவு தண்ணீரையும் கொதிக்கவைத்து ஆறவிட்டிருக்கிறாள். கேஸ் விற்கிற விலையில்! குனிந்து பார்த்தால் அண்டாவின் அடியில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது போல வெள்ளையாகப் படிந்து கிடந்தது. பாத்திரத்தைக் கழுவக்கூட இல்லை. பக்கத்துச் சட்டியில் பருப்பு ஊறிக்கொண்டிருந்தது. பேப்பரில் ஊறவைக்கச் சொல்லி ஒரு எழுத்து கிடையாது.

எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"இது என்னடி, கடையா, குளியலறையா? அண்டா அண்டாவா வெந்நி போட்டு வச்சிருக்க? யாரு குளிக்க?"

"அக்கா, மெதுவாப் பேசு. ஆளுங்க இருக்காங்க. நான் சொல்றேன் கேளு, இந்தத் தண்ணிய..."

"தண்ணி, தண்ணின்னு இன்னொரு தடவ சொன்னா இருக்கு. பாத்திரம் கழுவ ஒடம்பு வணங்கல, பழியத் தூக்கித் தண்ணி மேல போடுற. எம் பேரைக் கெடுக்கணும்னே வந்தியா?"

கத்தியதோடு விட்டிருந்தால் போயிற்று. முதல் அண்டாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் வாசலில் கவிழ்த்தேன். திரும்பி வந்து இரண்டாவது. மூன்றாவதையும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் சோற்றோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் வெயிலில், வெள்ளைப் புழுதி மண்ணில், அவ்வளவு தண்ணீரும் ஒரு நிமிடத்தில் காணாமல் போனது. அன்றைய சாம்பாரை ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஓரகத்தி அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவினாள். பையை எடுத்தாள். சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே நடந்து போய், எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானே போனேன். எனக்கென்ன சமைக்கத் தெரியாதா? பேப்பரைக் கண் முன்னால் ஒட்டிக்கொண்டு, அதே படி, அதே செம்பு. குக்கர் விசில் அடித்தது, எண்ணினேன், இறக்கினேன், திறந்தேன். பருப்பு என்னைப் பார்த்து முழித்தது. சரி, இன்னும் இரண்டு விசில். இன்னும் நான்கு. பத்துக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். கரண்டியால் மசித்தால் நெறுநெறு என்றது. வந்தவர்களுக்கு வேறு வழியில்லாமல் ஊற்றினேன். ஒரு டிரைவர் இலையை மடித்துவிட்டு, "டீயாவது நல்லா இருக்குமா?" என்றார். டீயும் நன்றாக இல்லை.

இரண்டாம் நாள் குக்கர் ரப்பரைக் குற்றம் சொல்லி மாற்றினேன். மூன்றாம் நாள் பருப்பைக் குற்றம் சொல்லி, திருமானூர்க் கடையிலிருந்தே என் வீட்டுக்காரரை வண்டியில் பருப்பைக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்து இறக்கிவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்போ நம்ம புள்ள மேல தப்பு இல்லயா?" தம்பி பெண்டாட்டியை அவர் அப்படித்தான் சொல்வார். "போய் வேலையப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். அந்தப் பருப்பும் வேகவில்லை.

அன்று மதியம் கூட்டம் பாதிகூட இல்லை. நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து குக்கரையே வெறித்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவ வருகிற அம்மா, அந்த ஊர்க்காரர், என் வயதுதான் இருக்கும், சட்டியைத் தேய்த்தபடியே பேசினார்.

"இந்தத் தண்ணியில நீங்க பொழுதன்னைக்கும் வச்சாலும் வேகாதுங்க. பூமி பூராச் சுண்ணாம்புக் கல்லு. அதத் தோண்டித்தானே சிமெண்டு பண்றாங்க. தண்ணியில மட்டும் இல்லாமப் போயிருமா?"

"அப்ப நீங்கள்லாம் என்ன பண்ணுவீங்க?"

"கொதிக்க வச்சு ஆறப் போடுவோங்க. சுண்ணாம்பு அடியில தங்கிரும். மேலாப்புல தெளிவ மட்டும் இறுத்து ஒல வைப்போம். பருப்பையும் மொதல்லயே ஊறப் போட்ரணும். உங்க ஓரகத்தி எங்கூட்டுக்கே வந்து, பக்கத்துல நின்னு பாத்துட்டுப் போயித்தான் அன்னைக்கு அண்டா வச்சுது."

ஸ்டூலை விட்டு எழுந்து மூலையிலிருந்த அண்டாவைப் பார்த்தேன். அடியில் படிந்திருந்தது அழுக்கில்லை. எது அந்தத் தண்ணீரை விட்டுப் போக வேண்டுமோ அதுதான் கீழே தங்கியிருந்தது. மேலே தெளிந்து நின்ற நல்ல தண்ணீரைத்தான் நான் வாசலில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, நியாயம் பேசியிருக்கிறேன்.

"இத மூணு நாளா ஏங்க எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"நீங்க கேக்கலீங்களே" என்றார். பிறகு, "கேட்டு வந்த புள்ளயத்தான் நீங்க தொரத்திட்டீங்க" என்றார். சட்டியைத் திருப்பிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல்தான். மூன்று நாளாக அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வெளியே வந்தால் அவள் உள்ளே போய்விடுவாள். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அவள் வீட்டுக்குள் போனேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் நினைத்துவைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. "தப்புதான்டி. எனக்குத் தெரியல" என்று மட்டும் சொன்னேன். நான் அவளிடம் அப்படிப் பேசியதே கிடையாது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான் எம் மேல தப்பில்லன்னு சொல்லல. ஆரம்பத்துலயே ஒன் பேப்பரத் தூக்கிப் போட்டுட்டு எம் மனசுக்குத் தோணுனதச் செஞ்சிருக்கணும். ஒனக்குப் பயந்துக்கிட்டு ஒரு வாரம் வேகாத பருப்ப ஊத்துனேன் பாரு, அது எந் தப்பு."

"அத விடு. நாளைக்கு வா. கடை போயிரும்டி."

"வூட்டுக்குள்ள வந்து சொல்ற, வூட்டுக்குள்ள ஏத்துக்கிறேன். நமக்குள்ள சரியாப் போச்சு. ஆனா அங்க அம்பது பேரு முன்னாடி நான் பாத்திரங் கழுவாத பொம்பள. அந்தப் பேரோட அந்த அடுப்புல நிக்க மாட்டேன். அங்க சொன்னத அங்கதான் எடுக்கணும்."

"கடையில வச்சா? சாப்புட வந்தவங்க முன்னாடியா?"

"நீ அவங்க முன்னாடிதானக்கா சொன்ன?"

எழுந்து வந்துவிட்டேன். வந்து என் வீட்டுக்காரரிடம் குதித்தேன். வயதில் மூத்தவள் நான், கடை என் யோசனை, வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டாயிற்று, இன்னும் என்ன வேண்டுமாம் இவளுக்கு என்று. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "கடை வேணுமா, வேணாமா?" என்றார். "கடை வேணும்" என்றேன். "புள்ள வேணுமா, வேணாமா?" என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், இறங்கவில்லை. இத்தனை வருடமாக அந்த அடுப்படியில் நின்ற ஒருத்தியை எத்தனை பேர் முன்னால் நான் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறேன் என்று யோசித்தேன். ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. திட்டுவதற்கு மட்டும் எனக்கு ஒரு கடை நிறைய ஆள் வேண்டியிருந்தது.

காலையில் முதல் பஸ்ஸுக்கு இரண்டு பேரும் போனோம். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். கடைக்குப் போனதும் அவள் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஆடாமல் அசையாமல் தெளிவை மட்டும் இறுத்தாள். கூடமாட நின்று நான் பருப்பை ஊறப்போட்டேன். பேப்பரை இரண்டு பேருமே பார்க்கவில்லை. குக்கரைத் திறந்தேன். பருப்பு பூவாக மலர்ந்து கிடந்தது.

மதியம் கூட்டம் வந்தது. பாதிப் பேர் பழைய முகங்கள், கடைசி வாய்ப்பு கொடுத்துப் பார்ப்போம் என்று வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, கரண்டியோடு நிலைப்படியில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வாய்க்காரி என்று ஊரே சொல்லும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க" என்றேன். சாப்பிடுகிற சத்தம் நின்றது.

"நாலு நாளைக்கு முன்னாடி இங்க வச்சு இவளக் கண்டபடி பேசிட்டேன். தண்ணியத் தூக்கிக் கொட்டினேன். நீங்கள்லாம் பாத்தீங்க. அவ பண்ணுனதுதான் சரி. உங்க ஊருத் தண்ணி எப்படின்னு அவ கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டா, நான் கேக்கல. சாம்பாரு கெட்டது அவளால இல்ல, என்னால. அவ பாத்திரத்துல அழுக்கு இல்ல. அந்தப் பேச்ச நான் திரும்ப எடுத்துக்கிறேன்."

மூலையில் உட்கார்ந்திருந்த டிரைவர் ஒருத்தர், வாயில் இருந்ததை மென்று முழுங்கிவிட்டு, "நீங்க தண்ணியக் கொட்டுனீங்களே, அன்னைக்குத்தாங்க சாம்பாரு நல்லா இருந்துச்சு" என்றார்.

கடையே சிரித்தது. பாத்திரம் கழுவுகிற அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் தீயாய் எரிந்தது. ஓட இடமில்லாததால் நானும் சிரித்துவைத்தேன்.

"அது சரிங்க, இந்தக் கடைக்கு யாருதான் மொதலாளி? எது ஒண்ணுன்னாலும் நாங்க யாரக் கேக்குறது?" என்றார் அதே டிரைவர், கிண்டலாகத்தான்.

அந்தக் கேள்விக்கு எத்தனையோ வருடமாக நான் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று யோசித்தேன். அவள் இன்னும் நிலைப்படியில்தான் நின்றாள்.

"இவதாங்க" என்றேன். "இந்தக் கடைக்கு இவதான் மொதலாளி. எதுன்னாலும் இவகிட்டயே கேளுங்க."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான் எதிர்பார்க்கவில்லை, வாயில் வந்துவிட்டது. ஆனால் வந்த பிறகு, அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் கரண்டியைக் கீழே இறக்கினாள். முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். அதற்குள் வாசலில் லாரி வந்து நின்று, இன்னும் ஐந்தாறு பேர் உள்ளே வந்தார்கள்.

"என்னக்கா நின்னுக்கிட்டே இருக்க?" என்றாள் அவள். "ஆளு வருது பாரு, போயி எலையப் போடு."

போய் இலையைப் போட்டேன்.